ஒலி எழுப்பாத இசைக்கருவி

உள்ளங்கை அளவு மின்னணுப் பலகை, சில பொத்தான்கள், சில குமிழ்கள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டு மேசையிலேயே மிடி கன்ட்ரோலர் கட்டும் ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கையின் எந்த அசைவு இசையாக மாற வேண்டும் என்ற முடிவை அவர்கள் தொழிற்சாலையிடம் விட்டுவிடாமல் தாமே எடுக்கிறார்கள்.

மின்னணு இசையில் ஒலி பிறக்கும் இடமும் அதை எழுப்பும் கை அசையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீணையின் தந்தியும் குடமும் ஒரே உடலின் உறுப்புகளாக இருப்பதால், மீட்டும் விரலின் அழுத்தம் நாதத்தின் கனமாக நேரடியாக வெளிப்படுகிறது. மிருதங்கத்தின் தோலைத் தொடும் விரல் நுனிக்கும் கேட்பவரின் காதுக்கும் இடையே காற்றைத் தவிர வேறு இடையாள் இல்லை. மின்னணு இசையிலோ, ஒலி ஒரு சிந்தசைசரிலோ கணினி மென்பொருளிலோ உருவாக, அதை இயக்கும் விரலசைவு தனியான வேறொரு பெட்டியில் பதிவாகி, எண்களாக மாறி, கம்பி வழியே அங்கு சென்று சேர்கிறது. இந்த இரண்டாவது பெட்டிக்குத்தான் மிடி கன்ட்ரோலர் என்று பெயர். அது தானாக எந்த ஒலியையும் எழுப்புவதில்லை. எந்த விசை எப்போது எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எந்தக் குமிழ் எவ்வளவு திருப்பப்பட்டது என்ற செய்தியை மட்டுமே அனுப்புகிறது.

கடைகளில் விற்கப்படும் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை பியானோ விசைப்பலகையையோ, நான்குக்கு நான்காக அடுக்கிய ரப்பர் பட்டைகளையோ, ஒலிக்கலவை மேடையின் ஸ்லைடர் வரிசையையோ அடிப்படையாகக் கொண்டவை. இவை நல்ல கருவிகளே என்றாலும், விரல்கள் எப்படி நகர வேண்டும், எத்தனை குமிழ்கள் போதும், எந்த அசைவு கணக்கில் வரும், எது வராது என்பவை வாங்குபவரின் கைக்கு வருமுன்பே முடிவாகிவிடுகின்றன. ஆர்வலர் தாமே கட்டும் கருவியில் இந்த முடிவுகள் அனைத்தும் அவர் கைக்குத் திரும்பி வருகின்றன. இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. பணம் மிச்சமாவது இரண்டாம்பட்சமே.

எல்லோருக்கும் பொதுவான ஓர் ஒப்பந்தம்

1980களின் தொடக்கம் வரை, ஒரு நிறுவனத்தின் சிந்தசைசரை மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு இணைப்பது பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இணைப்பு முறையை வைத்திருந்தது. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித்தும் செட் வுட்டும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஓர் இணைப்பு முறையை 1981இல் ஒலிப் பொறியாளர் சங்கக் கூட்டத்தில் முன்வைத்தார்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககெஹாஷியும் அதே திசையில் சிந்தித்துக்கொண்டிருந்தார். யமஹா, கோர்க், கவாய் ஆகிய நிறுவனங்களும் சேர்ந்துகொள்ள, 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் பிராஃபெட்-600 கருவியும் ரோலண்டின் ஒரு சிந்தசைசரும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் ஒலித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், மிடி என்று பெயர்பெற்ற அந்த இணைப்பு முறையின் 1.0 விதிமுறை வெளியானது. இப்பணிக்காக ஸ்மித்துக்கும் ககெஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

வீட்டில் கருவி கட்டுவோரின் நோக்கில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான செய்தி, விதிமுறையை உருவாக்கியவர்கள் அதற்கு உரிமக் கட்டணம் எதுவும் விதிக்கவில்லை என்பதுதான். பெரிய நிறுவனமானாலும், அடுப்படி மேசையில் சால்டரிங் அயர்னைச் சூடேற்றும் மாணவரானாலும், அதே விதிகளைப் பின்பற்றி ஒரு பெட்டியைக் கட்டினால், நாற்பதாண்டுப் பழைய சிந்தசைசரும் இன்றைய கணினி மென்பொருளும் அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஒப்பந்தம் பொதுச் சொத்தாக இருந்ததால்தான் இப்படியொரு பொழுதுபோக்கே தோன்ற முடிந்தது.

மூன்று எண்களில் ஒரு சுரம்

மிடியின் பெரும்பாலான செய்திகள் மூன்று பைட்டுகளால் ஆனவை. 144, 60, 100 என்ற மூன்று எண்களை எடுத்துக்கொண்டால், முதல் எண் ‘முதலாம் சேனலில் ஒரு சுரத்தைத் தொடங்கு’ என்ற கட்டளை. இரண்டாவது எண் பியானோவின் நடு ‘சி’ சுரம். மூன்றாவது எண் விசை அழுத்தப்பட்ட வேகம், அதாவது ஒலியின் வலிமைக்கான அளவு. விரலை எடுத்ததும் 128, 60, 0 என்ற செய்தி போக வேண்டும். போகாவிட்டால் அந்தச் சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். குமிழ்களுக்கும் ஸ்லைடர்களுக்கும் 176இல் தொடங்கும் வேறொரு வகைச் செய்தி உண்டு. அதன் இரண்டாவது எண் எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதையும், மூன்றாவது எண் எவ்வளவு என்பதையும் சொல்கின்றன. 7ஆம் எண் ஒலி அளவுக்கும், 64ஆம் எண் நாதத்தை நீட்டும் மிதிக்கட்டைக்கும் என்று வழக்கமாக ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரே கம்பியில் தனித்தனிக் கருவிகளுக்கான செய்திகளைப் பிரித்துக் காட்டும் சேனல்கள் மொத்தம் 16. ஒவ்வொரு பைட்டின் முதல் பிட்டும் அது கட்டளையா மதிப்பா என்று காட்டுவதற்குப் போய்விடுவதால், மதிப்புகளுக்கு மீதமுள்ள 7 பிட்டுகளே கிடைக்கின்றன; ஆகவே ஒரு பைட்டில் சொல்லும் எந்த அளவும் 0 முதல் 127 வரையிலான 128 படிகளுக்குள் அடங்கியாக வேண்டும்.

இந்த எண்கள் பழைய ஐந்து முனை வட்ட இணைப்பியில் நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் பயணிக்கின்றன. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொரு பிட் சேர்ந்து ஒரு பைட்டுக்கு 10 பிட் ஆவதால், மூன்று பைட் செய்தி ஒன்று சென்று சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகிறது. பெறும் கருவியின் வாசலில் ஆப்டோ ஐசொலேட்டர் என்ற சிறு பாகம் இருக்கிறது. வரும் மின்னோட்டம் அதனுள் ஒரு எல்இடியை ஒளிரச்செய்ய, எதிரிலுள்ள ஒளியுணர்வி அந்த ஒளியைப் படிக்கிறது. செய்தி ஒளியாகக் கடந்துவிடுவதால் இரண்டு கருவிகளுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு ஏற்படுவதில்லை. தரைக்கம்பிகள் சுற்றாக இணைந்துவிட்டால் ஒலிபெருக்கியில் எழும் ‘உம்ம்’ என்ற இரைச்சலுக்கும் இங்கே வழியடைக்கப்படுகிறது. அனுப்பும் பக்கத்துக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை: 5 வோல்ட் பலகையாக இருந்தால் 220 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டும் ஓர் இணைப்பியும் போதும்.

ஆம்ஸ்டர்டாம் முதல் ஆர்டுயினோ வரை

மிடி விதிமுறை வெளியான மறு ஆண்டே, விசைப்பலகையைத் தவிர்த்த ஒரு கருவி மேடையேறியது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இயங்கிய ஸ்டைம் இசை ஆய்வகத்தைச் சேர்ந்த மிஷேல் வைஸ்விஸ், ‘தி ஹேண்ட்ஸ்’ என்ற கருவியை 1984இல் அறிமுகப்படுத்தினார். இரண்டு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் அந்தக் கருவியில், விரல்களுக்கு அடியில் விசைகளும், கை சாய்வதை உணரும் பாதரச சுவிட்சுகளும், இரு கைகளுக்கும் இடையிலுள்ள தொலைவை மீயொலியால் அளக்கும் உணர்விகளும் இருந்தன. கைகளை விரிப்பதும் குவிப்பதும் சாய்ப்பதும் இசைக்குரிய செயல்களாக அங்கே ஏற்கப்பட்டன. ஆனால் இத்தகைய கருவியைக் கட்ட அக்காலத்தில் ஓர் ஆய்வகத்தின் துணை வேண்டியிருந்தது.

அந்த நிலையை மாற்றியது, இத்தாலியின் இவ்ரியா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காக 2005இல் உருவான ஆர்டுயினோ பலகை. உணர்விகளைப் படித்து, அவற்றுக்கேற்ப நிரலை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சில்லை, மின்னணுவியல் படிக்காதவரும் ஒரு யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து இயக்க அது வழிசெய்தது. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த மோனோம், எட்டுக்கு எட்டாக அடுக்கிய 64 ஒளிரும் பொத்தான்களை மட்டுமே கொண்டிருந்தது. எந்தப் பொத்தானுக்கும் பெயரோ நிலையான வேலையோ கிடையாது, அவற்றின் பொருளை மென்பொருளில் இசைஞரே வகுத்துக்கொள்ள வேண்டும். அது குறைந்த எண்ணிக்கையிலேயே தயாரானதாலும், அதன் வடிவமைப்பு வெளிப்படையாகக் கிடைத்ததாலும், ஆர்வலர்கள் ஆர்டுயினோவைக் கொண்டு ‘ஆர்டுயினோம்’ என்ற தங்கள் பதிப்பைக் கட்டிக்கொண்டார்கள். விளையாட்டுக்கூடங்களின் பெரிய ஆர்கேட் பொத்தான்களை டிஜே கலைஞர்கள் கன்ட்ரோலர்களில் பொருத்தத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். 64 பொத்தான் கட்டத்தைக் கொண்ட நோவேஷன் லாஞ்ச்பேட் 2009இல் கடைகளுக்கு வந்தது. மேசைகளில் பழகிய வடிவத்தைத் தொழிற்சாலைகள் பிறகே ஏற்றுக்கொண்டன.

கட்டும் மேசையில் எழும் சிக்கல்கள்

முதல் முடிவு, எந்தப் பலகை என்பதுதான். பலரும் முதலில் வாங்கும் ஆர்டுயினோ ஊனோவின் முந்தைய பதிப்புகளில், முதன்மைச் சில்லுக்கும் யுஎஸ்பிக்கும் நடுவே வேறொரு சில்லு இருப்பதால், கணினி அந்தப் பலகையை மிடி கருவியாக நேரடியாக ஏற்பதில்லை. இடையே ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளையோ, பழைய ஐந்து முனை இணைப்பியையோ நாட வேண்டியிருக்கிறது. ஏடிமெகா32யு4 சில்லைக் கொண்ட லியனார்டோ, புரோ மைக்ரோ ஆகியவையும், இசை ஆர்வலர்களிடையே நெடுநாளாகப் பெயர்பெற்ற டீன்சி பலகைகளும், 2021இல் 4 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை பீக்கோவும் யுஎஸ்பியைத் தாமே கையாளுகின்றன. யுஎஸ்பி வழியே மிடி அனுப்புவதற்கான பொதுவிதி 1999இலேயே வகுக்கப்பட்டுவிட்டதால், இவற்றைக் கணினியில் செருகினால் தனி மென்பொருள் எதுவும் நிறுவாமலே மிடி கருவியாகத் தோன்றுகின்றன. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இத்தகைய பலகைகளும், அவற்றுக்கு வேண்டிய பொத்தான்களும் குமிழ்களும் ரெசிஸ்டர்களும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன.

குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம் பொட்டன்ஷியோமீட்டர், கடைப்பேச்சில் ‘பாட்’. பி10கே என்று பொறித்திருந்தால், மொத்தத் தடை 10,000 ஓம் என்பதும், திருப்பும் கோணத்துக்கு நேர்விகிதத்தில் தடை மாறும் என்பதும் பொருள். ‘பி’ இருக்கும் இடத்தில் ‘ஏ’ இருந்தால் அது ஒலி அளவுக்கென வளைந்த விகிதத்தில் மாறுவது, கன்ட்ரோலருக்குப் பொருந்தாது. 5 வோல்ட் ஆர்டுயினோ பலகையானால், இரு ஓரக் கால்களில் ஒன்றை 5 வோல்ட்டுக்கும் மற்றொன்றைத் தரைக்கும் இணைத்து, நடுக் காலைப் பலகையின் அனலாக் முனையில் சேர்த்தால், குமிழின் நிலைக்கேற்ப 0 முதல் 1023 வரை ஓர் எண் கிடைக்கும். அதை எட்டால் வகுத்தால் மிடிக்குத் தேவையான 0 முதல் 127 வரையிலான எண் தயார்.

தாளில் இவ்வளவு எளிதாகத் தெரியும் இந்தக் கணக்கு, மேசையில் உடனே ஒரு பாடம் கற்பிக்கிறது. 1023இல் ஒரு படி என்பது 5 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. மின்வழங்கியின் சிறு இரைச்சலே அந்த அளவை ஒன்றிரண்டு படி ஆட்டிவிடும். குமிழ் 63க்கும் 64க்கும் நடுவிலுள்ள எல்லையில் நின்றுவிட்டால், யாரும் தொடாமலே 63, 64, 63, 64 என்று செய்திகள் இடைவிடாமல் பாயும். ஐந்து முனைக் கம்பி நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் செய்திகளை மட்டுமே தாங்கும் என்பதால், இந்த வீண் வெள்ளம் உண்மையான சுரங்களைக் காக்க வைத்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் மட்டுமே செய்தி அனுப்பு என்று நிரலில் ஒரு நிபந்தனை வைப்பதே இதற்குப் பரிகாரம். அந்த அளவைச் சிறிதாக வைத்தால் நடுக்கம் தொடரும். பெரிதாக வைத்தால் விரலின் நுண்ணிய அசைவு காணாமல் போகும். எது நடுக்கம், எது நோக்கம் என்ற எல்லையைக் கட்டுபவரே வகுக்க வேண்டியிருக்கிறது.

பொத்தானிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. அழுத்தும்போது உள்ளே இருக்கும் இரு உலோகத் தகடுகள் ஒரே தடவையில் படிந்துவிடுவதில்லை. சில மில்லிநொடிகளுக்குத் துள்ளித் துள்ளித் தொட்டு விலகியே அடங்குகின்றன. நொடிக்கு 1.6 கோடி துடிப்பில் இயங்கும் சில்லு அந்தத் துள்ளல்கள் ஒவ்வொன்றையும் தனி அழுத்தமாக எண்ணிவிடுவதால், ஒரு தட்டலுக்கு மூன்று நான்கு சுரங்கள் ஒலிக்கும். தகடுகள் அடங்கும்வரை காத்திருந்து பிறகு அனுப்புவது வழக்கமான தீர்வு. இசைக்கருவியில் அந்தக் காத்திருப்பே தாமதமாகிவிடும். ஆகவே, முதல் தொடுகையிலேயே செய்தியை அனுப்பிவிட்டு, அதன்பின் சில மில்லிநொடிகளுக்கு அந்தப் பொத்தானைப் பொருட்படுத்தாமல் விடுவது இங்கு ஏற்ற வழி. தட்டலின் கணமே தாளத்தின் கணம் என்பதால், அது தள்ளிப்போகாமல் காக்கப்பட வேண்டும்.

பொத்தான்கள் கூடக்கூடப் பலகையின் கால்கள் போதாமல் போகும். 64 பொத்தான்களை எட்டுக் கிடைவரிசை, எட்டு நெடுவரிசை எனக் கட்டமாக இணைத்து, வரிசை வரிசையாக நிரல் சோதித்து வந்தால் 16 கால்கள் போதும். ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்னோட்டம் பின்பக்கமாகச் சுற்றி நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். தட்டச்சு செய்பவர் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவது அரிது. இசைப்பவரோ பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவே விரும்புவார். ஒவ்வொரு பொத்தானோடும் 1என்4148 டையோடு ஒன்றைச் சேர்த்தால் மின்னோட்டம் ஒரே திசையில் மட்டுமே செல்லும், பொய்ச் சுரம் எழாது. குமிழ்கள் கூடினால், பல குமிழ்களை முறைவைத்து ஒரே அனலாக் முனையில் காட்டும் மல்டிபிளெக்சர் சில்லு உதவுகிறது. 4051 எட்டையும் 4067 பதினாறையும் தாங்கும்.

அழுத்தும் வலிமையை அறியும் வழியும் நுட்பமானது. விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன. முதலாவது படுவதற்கும் இரண்டாவது படுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, நேரம் குறைந்தால் வேகம் அதிகம் என்று நிரல் கணக்கிடுகிறது. தாளக் கருவி கட்டுவோர், அடியின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் பீசோ தகட்டைப் பட்டையின் அடியில் ஒட்டி, அலையின் உச்சத்தை அளக்கிறார்கள். பலமான அடியில் பலகை தாங்கக்கூடியதைவிட அதிக மின்னழுத்தம் எழக்கூடும் என்பதால், 10 லட்சம் ஓம் ரெசிஸ்டரையும் சீனர் டையோடையும் சேர்த்து அதை அடக்குவது அவசியம்.

கமகத்துக்கு 128 படிகள் போதுமா?

கர்நாடக இசையின் உயிர், கமகம் எனப்படும், சுரங்களுக்கு இடையிலான வழுக்கலிலும் அசைவிலும் இருக்கிறது. விசையைத் தட்டினால் ஒரு சுரம் என்ற பியானோவின் அடிப்படையில் உருவான மிடிக்குள் அது எளிதில் அடங்காது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் விதிமுறையை வகுத்தவர்கள் சுருதியை வளைப்பதற்கென்று இரண்டு பைட்டுகளைச் சேர்த்து 14 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் 16,384 படிகள் உண்டு. அரைச்சுரத்தை 100 பங்காகப் பிரித்து அதன் ஒரு பங்கைச் சென்ட் என்று கொள்வது இசையியல் வழக்கம். மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரங்கள் என்ற வழக்கமான வீச்சில் 400 சென்ட்களை 128 படிகளாகப் பிரித்தால் ஒரு படி மூன்று சென்ட்டுக்கு மேல் வரும். அத்தகைய படிகள் நீண்ட வழுக்கலைக் கரடுமுரடாக்கிவிடக்கூடும். 14 பிட்டில் அதே படி ஒரு சென்ட்டின் நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

சுருதி வளைவு ஒரு சேனலிலுள்ள எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும் என்பது பியானோ வழியில் வாசிப்பவருக்கு ஒரு தடை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தந்து இதைத் தீர்க்கும் எம்பிஇ என்ற விரிவாக்கம் 2018இல் ஏற்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஆளும் கர்நாடக இசைக்கு அந்தத் தடை பெரும்பாலும் இல்லை. ஆகவே, விரல் தொடும் இடத்தை அளக்கும் நீண்ட ரிப்பன் உணர்வி ஒன்றையும், 12 பிட் நுட்பத்தில் அளக்கும் பலகை ஒன்றையும் கொண்டு, இரண்டு ஸ்தாயி வீச்சுள்ள வழுக்குப் பரப்பை வீட்டிலேயே கட்டிவிடலாம். இரைச்சலை நிரல் நன்றாக வடிகட்டினால் ஒரு படி ஒரு சென்ட்டுக்கும் குறைவாகவே வரும். அமெரிக்கப் பொறியாளர் லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கிய கன்டினியம் என்ற வழுக்குப் பரப்புக் கருவியை ஏ.ஆர். ரகுமான் 2009இல் வெளிவந்த ‘டெல்லி-6’ படத்தின் இசையில் பயன்படுத்தியிருக்கிறார். விசைகளே இல்லாத பரப்பு ஒன்று வெகுசன இசைக்குள்ளும் இடம்பெற முடியும் என்பதற்கு அது சான்று.

உடலுக்கு ஏற்ற கருவி

கருவியின் வடிவத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை, பத்து விரல்களையும் தடையின்றி அசைக்க இயலாதவர்களுக்கு இன்றியமையாத தேவையாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் கணினியை இயக்கப் பயன்படுத்தும் பெரிய சுவிட்சுகளில் பல, ஹெட்போன் முனையைப் போன்ற 3.5 மில்லிமீட்டர் இணைப்பியைக் கொண்டவை. மின்னணு நோக்கில் அவை சாதாரணப் பொத்தான்களே. கன்ட்ரோலர் பெட்டியில் அதற்குரிய துளைகளை வைத்துவிட்டால், முழங்கையாலோ தலையாலோ காலாலோ தாளம் போட முடியும். எல்லாச் சுரங்களும் ஒரு ராகத்துக்குள்ளேயே அமையுமாறு நிரலை எழுதலாம்; மெல்லிய தொடுகையும் முழு ஒலியாக எழுமாறு வேகக் கணக்கை மாற்றலாம். பெரும் எண்ணிக்கையில் ஒரே வடிவத்தைத் தயாரிக்கும் தொழிற்சாலையால் ஒரே ஒருவருடைய உடலை முன்வைத்து ஒரு கருவியைச் செய்ய முடியாது. ஓர் அண்ணனோ ஆசிரியையோ சில வாரங்களில் செய்துவிட முடியும். இந்தப் பொழுதுபோக்கு சமூகத்துக்குத் தரக்கூடிய ஆகச் சிறந்த கொடை இதுவாகவே இருக்கும்.

கட்டுவதை நிறுத்தும் நேரம்

கருவிகள் இருபுறமும் செய்தி பரிமாறவும், அழுத்தும் வேகத்தை 16 பிட்டிலும் குமிழ் அளவுகளை 32 பிட்டிலும் சொல்லவும் வழிசெய்யும் மிடி 2.0 விதிமுறை 2020இல் ஏற்கப்பட்டது. அது பரவப்பரவ, 128 படிகளின் இறுக்கம் தளரும். ஆயினும் எந்த அசைவை அளப்பது, எதை விட்டுவிடுவது என்ற கேள்வி பிட்டுகளின் எண்ணிக்கையால் தீர்ந்துவிடாது. அதற்கு விடை வாசித்துப் பார்ப்பதில்தான் கிடைக்கும். நிரலை எந்நேரமும் திருத்தலாம், இன்னும் ஒரு குமிழைச் சேர்க்கலாம் என்ற வசதியே, கருவி கட்டுவோரை வாசிக்கவிடாமல் தடுக்கும் மிகப் பெரிய இடராகவும் இருக்கிறது. வைஸ்விஸ் இதை நன்கு உணர்ந்திருந்தார். தம் கருவியின் தொழில்நுட்ப மாற்றங்களை நீண்ட காலத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டு, இருப்பதைக் கொண்டே இசையமைப்பதிலும் வாசிப்பதிலும் அவர் ஈடுபட்டார்.

முதன்முதலாகக் கட்ட விரும்புவோருக்கு அந்த அனுபவமே தக்க வழிகாட்டி. யுஎஸ்பியைத் தானே கையாளும் ஒரு பலகை, நான்கு பொத்தான்கள், இரண்டு குமிழ்கள் என்ற அளவில், பாகங்களைப் பற்றவைக்காமலே செருகும் பிரெட்போர்டில் தொடங்கி, சில நாட்கள் அதை வைத்து வாசித்து, கை எந்தப் பொத்தானைத் தேடுகிறது, எதைத் தொடுவதே இல்லை என்று கவனித்த பிறகே சால்டரிங்குக்கும் பெட்டிக்கும் போவது நல்லது. வீணையும் நாகசுரமும் இன்றைய வடிவை அடையும்வரை பல தலைமுறைகள் வாசித்தும் திருத்தியும் வந்தன. அந்தத் திருத்தும் உரிமை இன்று ஒரு மேசையின் அளவுக்குச் சுருங்கி, விரும்பும் எவருக்கும் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் தங்கள் கருவியோடு போதிய காலம் பழகினால்தான் அது மின்னணுப் பெட்டி என்ற நிலையிலிருந்து இசைக்கருவி என்ற நிலைக்கு உயரும்.